முஸ்கதே: கடையில் தேடுவதிலிருந்து சிப்பித் தட்டு வரை

முஸ்கதே என்ற பிரெஞ்சு வெள்ளை ஒயினின் முதல் பாட்டிலை நான் வாங்கியது ஒரு தப்புக் கணக்கில்தான். பெயரைப் பார்த்ததும் இது மஸ்கட் திராட்சையில் செய்தது, பூ மணமும் லேசான இனிப்புமாக இருக்கும் என்று நினைத்து எடுத்து வந்தேன். டிவி முன்னால் உட்கார்ந்து, கூட எதுவும் வைத்துக்கொள்ளாமல் ஒரு வாய் குடித்துப் பார்த்தால், ஐஸ் தண்ணீரில் எலுமிச்சைத் தோலை ஊறப்போட்டு எடுத்த மாதிரி இருந்தது. வாசனை என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. இனிப்பு துளிகூட இல்லை. மிச்சப் பாட்டில் சமையலில் போனது. இன்றைக்கு எங்கள் வீட்டில் அதிகம் திறக்கப்படும் வெள்ளை ஒயின் அதுதான் என்றால், நடுவில் நடந்தது ஒன்றே ஒன்று: அதைச் சாப்பாட்டோடு வைக்கக் கற்றுக்கொண்டேன்.

மாவடுவைக் கிண்ணத்தில் போட்டுத் தனியாகத் தின்றுவிட்டு, என்ன இது ஒரே உப்பும் புளிப்புமாக இருக்கிறதே என்று யாரும் குறை சொல்வதில்லை. அதற்குத் தயிர்சாதம் வேண்டும். முஸ்கதேயும் அந்த வகைதான். இதைத் தனியாகச் சுவைத்து எடைபோடுகிறவர்கள் எல்லோரும் என்னைப்போலவே ஏமாந்துபோவார்கள், அப்புறம் "விலை குறைவு, அதனால் தரமும் குறைவு" என்று ஒரு முடிவுக்கும் வந்துவிடுவார்கள். அந்தப் பக்கம் போகாமல் இருக்க, வாங்குவதில் தொடங்கிச் சமைப்பது வரை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், இது எந்த ஊர் ஒயின்

பிரான்ஸின் மேற்கே லுவார் ஆறு அட்லாண்டிக்கில் கலப்பதற்குச் சுமார் 50 கிலோமீட்டர் முன்னால் நாந்த் என்ற நகரம் இருக்கிறது. அதற்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் சின்னச் சின்ன மேடுகளில் பரவிக் கிடக்கும் தோட்டங்கள்தான் முஸ்கதேயின் வீடு. கடல் காற்று வரும், மழைக்கும் குறைவில்லை, வெயில் அளவோடுதான். திராட்சையில் சர்க்கரை கொழுத்து நிற்காது, புளிப்பு மட்டும் உயிரோடு இருக்கும். அதனால்தான் ஒயினில் ஆல்கஹால் 12 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. வெயில் கொளுத்தும் தென் பிரான்ஸ் வெள்ளை ஒயின்கள் சர்வ சாதாரணமாக 13, 14 போகும்.

திராட்சையின் பெயர் மெலோன் த பூர்கோய்ன். பூர்கோய்ன், அதாவது ஆங்கிலத்தில் பர்கண்டி, பிரான்ஸின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. இந்தச் செடி அங்கிருந்து பெயரைச் சுமந்துகொண்டு மேற்குக் கரைக்கு வந்தது. மரபணுச் சோதனையில் பீனோ வகையும் குவே பிளான் என்ற பழைய நாட்டுத் திராட்சையும் இதற்குத் தாய் தகப்பன் என்று தெரியவந்தது. உலகமெங்கும் விற்கிற ஷார்டோனேக்கும் அதே பெற்றோர்தான். கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேரில் ஒருவர் ஊரறிந்த ஆள், இன்னொருவர் கடற்கரையில் மீன் சந்தைப் பக்கம் செட்டிலாகிவிட்டவர்.

மெலோன் இங்கே ஊன்றியதற்கு 1709 ஜனவரியில் வந்த கொடும் குளிர் முக்கிய காரணம். ஐரோப்பாவே உறைந்துபோன அந்தக் குளிர்காலத்தில் நாந்த் சுற்றுவட்டாரக் கொடிகள் கூட்டமாகச் செத்தன, குளிரைத் தாங்கக்கூடிய மெலோனை வைத்துத் தோட்டங்களை மறுபடி நட்டார்கள். அதற்கு முன்பே டச்சு வணிகர்கள் காய்ச்சி வடித்துப் பிராந்தி ஆக்குவதற்காக இந்தப் பக்கம் சாதாரண வெள்ளை ஒயினைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள், ஆக வாங்க ஆளும் இருந்தது. ஒரு வேடிக்கை என்னவென்றால், குளிர்காலத்தைத் தாங்கும் இந்தச் செடி வசந்தத்தில் சீக்கிரம் துளிர்த்துவிடும், ஏப்ரலில் திடீரென்று பனி உறைந்தால் அந்தத் துளிர் கருகிவிடும். 1991 ஏப்ரலிலும் 2021 ஏப்ரலிலும் விவசாயிகள் பட்ட பாடு அதுதான்.

மஸ்கட்டுக்கும் முஸ்கதேக்கும் பெயரில் தவிர உறவு கிடையாது. நான் செய்த தப்பை நீங்களும் செய்ய வேண்டாம்.

லேபிளில் எதைத் தேடுவது

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்போம், ஏனென்றால் பாட்டில் சரியாக அமையாவிட்டால் பின்னால் சொல்வது எதுவும் வேலைக்காகாது.

வெறுமனே "முஸ்கதே" என்று மட்டும் எழுதியிருப்பது அடிப்படைப் பெயர், 1937இல் சட்டப்படி பதிவானது. அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1936இல், "முஸ்கதே செவ்ர் எ மேன்" பதிவானது. செவ்ர், மேன் என்பவை அந்தத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் இரண்டு சிறு ஆறுகள். நல்ல முஸ்கதேயில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது, கடையில் எளிதாகக் கிடைப்பதும் இதுதான். ஆற்றில் மேலே, ஆன்செனீ ஊர்ப் பக்கம் விளைவதற்குக் "கோத்தோ த லா லுவார்" என்று தனிப் பெயர். கிரான்லியூ ஏரியைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு 1994இல் இன்னொரு பெயர் கிடைத்தது. அந்த இரண்டும் கண்ணில் பட்டால் வாங்குங்கள், படாவிட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை.

அடுத்துத் தேட வேண்டியது "சுர் லி" என்ற இரண்டு சின்னச் சொற்கள். எனக்கு ஊர்ப் பெயரைவிட இதுதான் முக்கியம். லி என்றால் மண்டி. கள்ளுப் பானையின் அடியில் தங்குகிறதே, அதே மாதிரிதான், நொதித்து முடித்த ஈஸ்ட் செத்து அடியில் படிந்த வண்டல். மற்ற ஊர்களில் பெரும்பாலும் புதிய வெள்ளை ஒயினை அந்த மண்டியிலிருந்து இறுத்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள். சுர் லி முஸ்கதேயில் அப்படிச் செய்யாமல் குளிர்காலம் முழுவதும் மண்டிமேலேயே கிடக்கவிட்டு, வசந்தம் வந்த பிறகு அங்கிருந்து நேராகப் பாட்டிலில் அடைக்கிறார்கள். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதற்கு அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள்: வீட்டுக் கல்யாணத்துக்கென்று நல்ல பீப்பாய் ஒன்றை யாரும் தொடாமல் ஓரமாக வைத்திருப்பார்களாம், இறுத்து மாற்றாமல் விட்ட அந்தப் பீப்பாய்தான் மற்றதைவிட நன்றாக இருந்ததாம்.

மண்டி செய்கிற வேலை இரண்டு. ஈஸ்ட் செல்கள் மெதுவாகச் சிதைந்து உள்ளிருப்பதை ஒயினுக்குள் விடுகின்றன, அதனால் மெலிந்த ஒயினுக்கு வாயில் ஒரு வழவழப்பு வருகிறது, கூடவே பிரெட் மாவு வாசனை போல லேசாக ஏதோ ஒன்றும். இன்னொன்று, மண்டி காற்றை அண்டவிடாமல் காக்கிறது, நொதித்தபோது உண்டான வாயுவிலும் கொஞ்சம் ஒயினுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. முதல் மடக்கில் நாக்கு நுனியில் ஊசி குத்துவது போல மெல்லிய சுறுசுறுப்பு தெரிந்தால் ஒயின் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், அது அந்த வாயுதான். அந்தப் பகுதியில் பாதாள அறைகளில் தரைக்கடியில் கட்டிய, உள்ளே கண்ணாடி ஓடு பதித்த சிமென்ட் தொட்டிகளைப் பார்க்கலாம். புது மரத்தின் வாசனை இந்த ஒயினில் ஏறாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, பெரிய எழுத்தில் ஒரு கிராமத்தின் பெயர் இருந்தால் விஷயம் வேறு. கிளிசோன், கோர்ஜ், லு பலே ஆகிய மூன்றும் 2011இல் தனிக் கிராமப் பெயராக அங்கீகாரம் பெற்றன, பிறகு கூலேன், ஷாத்தோ தெபோ போன்றவையும் சேர்ந்தன. இவை மண்டிமேல் கிடப்பது ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என்று நீளும். அவ்வளவு கிடந்தும் லேபிளில் "சுர் லி" என்று இருக்காது. அந்தச் சொல் அறுவடைக்கு மறு ஆண்டிலேயே பாட்டிலில் அடைத்தவற்றுக்கானது. ஆகவே கிளிசோன் பாட்டிலில் சுர் லி இல்லையே என்று திருப்பி வைத்துவிடாதீர்கள். கிளிசோன் கருங்கல் மண், கோர்ஜ் கப்ரோ என்ற கறுத்த பாறை மண். முதலாவது கனமாக, பழுத்த பழம்போல இருக்கும். இரண்டாவது இறுக்கமாக, கொஞ்சம் புகை போன்ற வாசனையோடு, திறந்து அரை மணி நேரம் கழித்துத்தான் முகம் கொடுக்கும். லு பலேதான் மத்தியகாலத் தத்துவஞானி அபெலார் பிறந்த ஊர். ஒயினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சும்மா சொன்னேன்.

பிரான்ஸில் நல்ல சுர் லி பாட்டில் பத்து யூரோவை ஒட்டியே கிடைத்துவிடும், கிராமப் பெயர் போட்டது அதைவிட ஏறும். சாதாரண சுர் லி என்றால் அறுவடை ஆண்டு கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் இருக்கட்டும். ஜன்னல் ஓரம் வெயில் படும் அலமாரியில் நிற்கும் பாட்டிலை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், தொடாதீர்கள்.

முஸ்கதே கிடைக்கவில்லையா? அதே ஊரின் குரோ பிளான் இன்னும் கூர்மையான புளிப்பு, பல்லே கூசும், ஆனால் சிப்பியோடு அபாரம். தெற்கே தோ ஏரிக் கரையில் விளையும் பிக்பூல் த பினே நல்ல மாற்று. ஷாப்லியும் சரிதான், பணம் மட்டும் கூட ஆகும்.

குளிரவைத்து ஊற்றுவது

8 முதல் 10 டிகிரி. வீட்டு ஃபிரிட்ஜ் பொதுவாக 4, 5 டிகிரியில் இருக்கும், அதிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் இருக்கிற கொஞ்ச வாசனையும் உறைந்துபோய்விடும், எனவே கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். அவசரத்துக்கு ஒரு வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல் உப்பு. இருபது நிமிஷத்தில் ஆகிவிடும். வெறும் ஐஸில் புதைத்தால் நேரம் அதிகம் பிடிக்கும், பாட்டிலைச் சுற்றித் தண்ணீர் இருந்தால்தான் குளிர் சீக்கிரம் இறங்கும். கிராமப் பெயர் போட்ட பாட்டிலுக்கு 11, 12 டிகிரி போதும். கிளாஸ் ரொம்ப அகலமாக வேண்டாம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றவும் வேண்டாம், சூடேறிய முஸ்கதேயைக் குடிப்பது ஆறிய காபியைக் குடிப்பது மாதிரி.

சிப்பியோடு

உணவகங்களில் ஆய்ஸ்டர் என்பார்களே, அதைத்தான் இங்கே சிப்பி என்கிறேன். பிரான்ஸில் இன்று பெரும்பாலும் வளர்ப்பது ஜப்பான் பக்கத்திலிருந்து வந்த வகை. 1970களின் தொடக்கத்தில் அதற்கு முன்பிருந்த போர்த்துகீசிய வகை நோயில் அழிந்துபோக, இதைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். குழிவான சிப்பிக்கு எண் போட்டு விற்பார்கள், எண் சிறியதானால் சிப்பி பெரியது. 3ஆம் எண் என்றால் ஓடோடு 66 முதல் 85 கிராம், முதல்முறை சாப்பிடுகிறவருக்கு இது சரியான அளவு. 1ஆம் எண்ணை ஆசையாக வாங்கிவிட்டு வாய்க்குள் வைத்துக்கொண்டு முழிக்காதீர்கள்.

ஓடு இறுக மூடியிருக்க வேண்டும், அல்லது தட்டினால் மூடிக்கொள்ள வேண்டும். கையில் கனமாகத் தெரிய வேண்டும். இடது கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு, குழிந்த பக்கம் கீழே, கூரான முனை உங்களைப் பார்க்க வைத்துப் பிடியுங்கள். அந்த முனையில்தான் கீல் இருக்கிறது. அங்கிருந்து வலது ஓரமாக மூன்றில் இரண்டு பங்கு தூரம் போனால் உள்ளே ஓடுகளை மூடிப் பிடிக்கும் தசை. குட்டையான, கனத்த சிப்பிக் கத்தியை அந்த இடத்தில் செருகி, குத்தாமல், அழுத்தி அசைத்துக்கொண்டே உள்ளே விட்டுத் தசையை அறுத்தால் மேல் ஓடு தளர்ந்துவிடும். சமையலறைக் கத்தியை வைத்து முயற்சி செய்ய வேண்டாம், என் இடது உள்ளங்கையில் அதற்குச் சாட்சி இருக்கிறது. திறந்ததும் உள்ளிருக்கும் முதல் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுங்கள். பத்து நிமிஷத்தில் சிப்பி திரும்பத் தண்ணீர் விடும், அது முதல் தண்ணீரைவிடச் சாந்தமான உப்பு.

தட்டில் கல் உப்பைப் பரப்பி ஆட்டம் காணாமல் அடுக்கி, பக்கத்தில் ரை பிரெட்டும் உப்பு வெண்ணெயும் வையுங்கள். பலர் வினிகரில் வெங்காயம் நறுக்கிப் போட்ட சாஸ் கொடுப்பார்கள். முஸ்கதே இருக்கும்போது எனக்கு அது வேண்டாத வேலை, வினிகர் ஒயினின் புளிப்பை அடித்துவிடும். எலுமிச்சையும் தேவையில்லை, எலுமிச்சை செய்கிற வேலையை ஒயினே செய்துவிடுகிறது. ஒரு சிப்பி, இரண்டு மெல்லு, பிறகு ஒரு மடக்கு. நாக்கில் படர்ந்த உப்பையும் வழவழப்பையும் ஒயின் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போகும், அடுத்த சிப்பிக்கு வாய் புதிதாக இருக்கும். நான் தனியாகக் குடித்துவிட்டுத் திட்டிய அதே தண்ணித்தனம் இங்கேதான் உதவுகிறது, வாசனை தூக்கலான ஒயின் என்றால் சிப்பியின் வாசனையோடு மல்லுக்கு நிற்கும்.

கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்பு குறைந்தவர்களும் பச்சைச் சிப்பி பக்கம் போக வேண்டாம். மற்றவர்களும் கோடை மாதங்களில் தவிர்க்கலாம், அப்போது அது இனப்பெருக்கத்துக்குத் தயாராகிப் பால்போல் கலங்கியிருக்கும், அந்த ருசி எல்லோருக்கும் பிடிக்காது.

மஸல், கொஞ்சம் சமையல்

கறுப்பு ஓட்டு மஸல். குமரிக் கடற்கரையில் சிப்பி என்று கேட்டால் கிடைப்பது இதுதான், பெயர்க் குழப்பம் வந்துவிடக் கூடாது. பிரான்ஸின் மேற்குக் கரையில் கடலுக்குள் வரிசையாக நட்ட மரக் கம்பங்களில் இதை வளர்க்கிறார்கள், அப்படி வளர்ந்தது "பூஷோ". 13ஆம் நூற்றாண்டில் கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய ஓர் அயர்லாந்துக்காரர் பறவை பிடிக்கக் கம்பு நட்டு வலை கட்டினார், கம்பில் மஸல் ஒட்டி வளர்ந்தது என்று ஒரு கதை உண்டு. பூஷோ சிறியது, மஞ்சளாகச் சதைப்பற்றோடு இருக்கும், தரையில் வளர்ந்ததைவிட மணல் குறைவு.

இரண்டு பேருக்கு ஒரு கிலோ. குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஓட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாரைப் பிய்த்து எடுங்கள். உடைந்ததையும், தட்டியும் மூடாததையும் தூக்கி எறியுங்கள், தயவு தாட்சண்யம் வேண்டாம். தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், உள்ளிருக்கும் கடல் நீர்தான் சாறு. பெரிய பாத்திரத்தில் 30 கிராம் வெண்ணெய், பொடியாக நறுக்கிய மூன்று எஷலோத். எஷலோத் நம் சின்ன வெங்காயத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி, கிடைக்காவிட்டால் சின்ன வெங்காயமே பத்து பன்னிரண்டு போடலாம். நிறம் மாறாமல் வதக்கி, 150 முதல் 200 மில்லி முஸ்கதே ஊற்றி, ஒரு நிமிஷம் கொதித்ததும் மஸலைக் கொட்டி மூடி, தீயை முழுதாக வையுங்கள். நடுவில் ஒன்றிரண்டு முறை பாத்திரத்தைக் குலுக்கினால் போதும், நான்கைந்து நிமிஷத்தில் வாய் திறந்துவிடும். திறந்ததும் இறக்குங்கள், இன்னும் ஒரு நிமிஷம் இருக்கட்டும் என்ற தாராள மனசில்தான் மஸல் ரப்பராகிறது. வெந்தும் திறக்காததைச் சாப்பிட வேண்டாம். மேலே பார்ஸ்லி, மிளகு. உப்பு போடவே வேண்டாம், மறந்துகூட.

அடியில் நிற்கும் சாற்றில்தான் உயிர் இருக்கிறது. மணல் இருக்கும்போல் தெரிந்தால் துணியில் வடிகட்டுங்கள், பிறகு பிரெட்டை முக்கிச் சாப்பிடுங்கள். சமையலுக்கு ஊற்றிய அதே பாட்டிலில் மிச்சம் இருப்பதைக் குடித்தால் ஜோடிப் பொருத்தம் பற்றி யோசிக்கவே வேண்டாம். சமையலுக்கென்று குடிக்க முடியாத மட்டமான ஒயினை வாங்காதீர்கள், சுண்டச் சுண்ட அதன் குறைதான் தூக்கித் தெரியும்.

வெள்ளை வெண்ணெய் சாஸ்

முஸ்கதேயின் உண்மையான உள்ளூர் ஜோடி எது என்று கேட்டால் நான் சிப்பியைச் சொல்ல மாட்டேன், பேர் பிளான் சாஸ் ஊற்றிய ஆற்று மீனைத்தான் சொல்வேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நாந்துக்கு வெளியே லுவார் கரையில், சேன் ஜூலியன் த கோன்செல் ஊரில் கிளெமான்ஸ் லெஃபெவ்ர் என்ற சமையல்காரம்மா இதைப் பிரபலமாக்கினார். பெயார்னேஸ் சாஸ் செய்யப் போய் முட்டை போட மறந்ததில் இது பிறந்தது என்பது கதை. எவ்வளவு நிஜமோ, ஆனால் செய்முறையைப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது.

மூன்று எஷலோத்தை எவ்வளவு பொடியாக முடியுமோ அவ்வளவு பொடியாக நறுக்கி, 100 மில்லி முஸ்கதே, 50 மில்லி வெள்ளை ஒயின் வினிகரோடு சின்னப் பாத்திரத்தில் வைத்து, இரண்டு மேசைக்கரண்டி அளவுக்குச் சுண்டும் வரை விடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 200 கிராம் வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, தீயை மிகக் குறைத்து, இரண்டிரண்டு துண்டாகப் போட்டுக் கம்பி விஸ்க்கால் விடாமல் கலக்குங்கள். முந்தியது கரைந்து கெட்டியான பிறகுதான் அடுத்தது. இதில் முட்டையும் இல்லை, மாவும் இல்லை, வெண்ணெயில் இருக்கும் கொஞ்சம் பால் புரதத்தை நம்பித்தான் கொழுப்பும் தண்ணீரும் கைகோத்து நிற்கின்றன, அதனால் சூடு 60 டிகிரியைத் தாண்டினால் அவை பிரிந்து நெய் தனி, புளித் தண்ணீர் தனி. விரலை வைத்தால் சூடாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. பிரியப்போவது போல் ஓரத்தில் எண்ணெய் மினுங்கினால் உடனே அடுப்பிலிருந்து எடுத்து ஒரு கரண்டி குளிர்ந்த தண்ணீரோ கிரீமோ விட்டு வேகமாக அடியுங்கள், பாதி நேரம் பிழைத்துவிடும். மீதிப் பாதி நேரம் பிழைக்காது, அப்போது அதைக் காய்கறி மேல் ஊற்றிக்கொண்டு, திட்டமிட்டே செய்ததாகச் சொல்லிவிடலாம்.

உப்பு, மிளகு, உடனே பரிமாறுங்கள், இது காத்திருக்காது. பைக் மீனும் சான்ட்ர் மீனும் அந்த ஊர் வழக்கம். இரண்டும் கிடைக்காவிட்டால் முள் குறைந்த எந்த வெள்ளை மீனையும் உப்புத் தண்ணீரில் கொதிக்கவிடாமல் மெதுவாக வேகவைத்துக்கொள்ளலாம். வெண்ணெயின் கனத்தை ஒயினின் புளிப்பு அறுக்கிறது, ஒயினின் வறட்சியை வெண்ணெய் மூடுகிறது. இந்தத் தட்டுக்கு மட்டும் சாதாரண சுர் லியைவிடக் கிளிசோன் பாட்டிலைத் திறப்பேன், அதற்குத்தான் இவ்வளவு வெண்ணெயைத் தாங்கும் உடம்பு இருக்கிறது.

வேறு எதோடு

சுட்ட மத்தி மீன், கண்ணை மூடிக்கொண்டு. மத்தியின் எண்ணெய்க்கு இந்தப் புளிப்பு வேண்டும். சமைக்கச் சோம்பலான இரவில் டப்பா மத்தியை வெண்ணெய் தடவிய பிரெட்டில் வைத்துச் சாப்பிட்டாலும் குறைவில்லை. மத்தியை டப்பாவில் அடைத்துத் தொழிலாகவே நடத்தத் தொடங்கிய ஊர்களில் நாந்தும் ஒன்று, 1820களிலேயே. அவித்த இறாலும் நண்டும் மயோனேஸோடு, சரி. புகைபோட்ட சால்மன் சுமார்தான்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இதில் ஒன்றுமில்லையா என்றால், இருக்கிறது. நாந்த் சுற்றுவட்டார மணல் மண்ணில் மாஷ் என்ற சின்ன இலைக் கீரை ஏராளமாக விளைகிறது, அதை வேகவைத்த உருளைக்கிழங்கோடு, வினிகர் குறைத்து, நல்ல எண்ணெயும் கெராந்த் கடலுப்பும் தூவிச் சாப்பிட்டுப் பாருங்கள். இளசான ஆட்டுப்பால் சீஸ் நன்றாகச் சேரும். உள்ளூர் குரே நாந்தே சீஸ் மணத்தில் கொஞ்சம் முரடு, அதற்குக் கிராமப் பெயர் பாட்டில்தான் ஈடுகொடுக்கும்.

ஒத்துப்போகாதவை: மாட்டிறைச்சி ரோஸ்ட், தக்காளியில் கொதித்த எதுவும், இனிப்பு. இனிப்புக்குப் பிறகு குடித்தால் முஸ்கதே எலுமிச்சைச் சாறாக மாறிவிடும். பாரிஸ் பக்கம் இருக்கும் நம் வீடுகளில் இதைப் புளி விட்ட மீன் குழம்போடு வைத்துவிட்டு, ஒன்றுமே தெரியவில்லை என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பைத் தாண்டிவிட்டால் ஒயின் சப்பென்றுதான் தெரியும், மிளகாய்த் தூள் கூடினாலும் இதே கதைதான். மிளகும் உப்பும் மட்டும் தடவிப் பொரித்த நெத்திலி என்றால் வேறு பேச்சு. அங்கே குழம்பைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் வறுவலோடு ஒரு கிளாஸ் முடித்துக்கொள்ளுங்கள்.

மீந்தால், சேர்த்து வைத்தால்

திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும், நாக்கில் குத்தும் அந்தச் சுறுசுறுப்பு மட்டும் மறுநாளே போய்விடும். அதற்கு மேல் என்றால் மஸலுக்கோ சாஸுக்கோ எடுத்து வையுங்கள், ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக்கொண்டால் 50 மில்லி தேவைப்படுகிற நாளில் புதுப் பாட்டிலைத் திறக்க வேண்டாம்.

முஸ்கதேயை வாங்கிய வருஷமே குடித்துவிட வேண்டும் என்று பலரும் சொல்வார்கள். சாதாரண பாட்டிலுக்கு அது சரி. கிளிசோன், கோர்ஜ் பாட்டில்களை இருட்டாக, குளிர்ச்சியாக ஓர் இடத்தில் படுக்கவைத்தால் ஐந்து பத்து ஆண்டு தாராளமாக நிற்கும், நிறம் கொஞ்சம் பொன்னாகும், எலுமிச்சை வாசனை போய் வறுத்த பருப்பும் தேனும் கலந்த மாதிரி ஒன்று வரும், ஆனால் வாயில் இனிப்பு இருக்காது. அதே அறுவடை ஆண்டில் இரண்டு பாட்டில் வாங்குங்கள். ஒன்றை இந்தக் குளிர்காலத்தில் மீனுக்குத் திறந்துவிட்டு, இன்னொன்றின் கழுத்தில் வாங்கிய தேதியைச் சீட்டில் எழுதிக் கட்டி, வீட்டில் மற்றவர் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சீட்டு நாலாம் வருஷத்தைத் தாண்டியதே இல்லை.